வாய் கூசும் குதிரைக்கு எந்தப் பிட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குதிரை கட்டியிருக்கும் லாயத்திற்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் கத்தியவாரி, மார்வாரி போன்ற நாட்டு இனக் குதிரை வாங்கி வந்தவர்கள் ஒரு வகை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரையை எடுத்து வளர்ப்பவர்கள் மற்றொரு வகை. இரு சாராரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிச் சொல்லி, எதை யாரிடம் சொன்னேன் என்பதே குழம்பிப்போனதால் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவம் படித்தவன் அல்லன் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

தமிழில் ‘கடிவாளம்’ என்ற ஒரே சொல்லை வாய்க்குள் இருக்கும் உலோகத்திற்கும் தலையில் மாட்டும் முழுத் தொகுதிக்கும் சொல்கிறோம். குழப்பம் வராமல் இருக்க, வாய்க்குள் இருப்பதை லாயங்களில் வழங்கும் ‘பிட்’ என்ற சொல்லாலும், தலையில் மாட்டுவதைக் கடிவாளம் என்றும், கையில் பிடிப்பதை வார் என்றும் குறிப்பிடுகிறேன்.

பிட் வாயில் சரியாக எங்கே உட்காருகிறது? பல்லில் இடிக்காதா?

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் அங்கேதான் இருக்கிறது. ஆண் குதிரைகளுக்கு அந்த இடைவெளியின் முன்பகுதியில் ஒரு கோரைப்பல் இருக்கும். பெட்டைக் குதிரைகள் பலவற்றிற்கு அது இருக்காது, இருந்தாலும் சிறியதாக இருக்கும். பிட் அந்தக் கோரைப்பல்லையும் தொடக்கூடாது, பின்னாலுள்ள கடைவாய்ப் பல்லையும் தொடக்கூடாது.

பலர் நினைப்பதுபோல் பிட் வெறும் ஈறின்மேல் உட்காருவதில்லை. வாயை மூடியிருக்கும்போது அந்த இடம் முழுவதையும் நாக்கு நிரப்பியிருப்பதால், பிட்டின் பெரும்பகுதி நாக்கின்மேல்தான் கிடக்கிறது. இரு ஓரங்களிலும் கீழ்த்தாடையின் ஈறு விளிம்பும், வெளியே உதட்டு மூலையும், மேலே அண்ணமும் அதைத் தொடலாம். அந்த ஈறு விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கீழே இருக்கும் எலும்பு வரப்புபோல் குறுகலாக இருக்கிறது. அதை மூடியிருப்பது மெல்லிய தோல்தான். சதை என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை.

என் குதிரைக்கு வாய் கூச்சம் இருக்கிறதா, வெறும் பிடிவாதமா? எப்படித் தெரிந்துகொள்வது?

வாரைத் தொட்டவுடன் தலையை மேலே எறிவது, வாயைத் திறந்து கொள்வது, நாக்கைப் பிட்டின்மேல் போட்டுக்கொள்வது அல்லது பக்கவாட்டில் தொங்கவிடுவது, பல்லை நறநறவென்று அரைப்பது, தாடையை மார்போடு ஒட்டவைத்துப் பிட்டிலிருந்து தப்பிப்பது, கடிவாளத்தைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகிய அனைத்தும் வலிக்கான அறிகுறிகளாக இருக்கக்கூடியவை. இவற்றைப் பிடிவாதம் என்று சொல்லுவதற்கு முன், வாயில் ஒன்றுமில்லை என்பது உறுதியாக வேண்டும்.

‘வாய் மரத்துப்போன குதிரை’ என்று விற்கப்படும் குதிரைகளையும் நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பேன். பிட்டின்மேல் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துக்கொண்டு ஓடும் குதிரை வலியே தெரியாத குதிரை அல்ல. பெரும்பாலும் அது வலியிலிருந்து ஓடுகிறது.

புதுப் பிட் வாங்கினால் சரியாகிவிடும்தானே?

சரியாகலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் பல்லைக் காட்டுங்கள். குதிரையின் பல் வாழ்நாளின் பெரும்பகுதி மெல்ல மெல்ல மேலெழுந்து தேய்ந்துகொண்டே இருப்பது. மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமாக இருப்பதால், மேல்வரிசைப் பற்களின் வெளி ஓரத்திலும் கீழ்வரிசையின் உள் ஓரத்திலும் கூரான விளிம்புகள் உருவாகின்றன. பிட்டோ மூக்குப் பட்டையோ கன்னத்தை உள்ளே அழுத்தும்போது, அந்தக் கூர் விளிம்பில் கன்னத்தின் உட்சதை கிழிகிறது. இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை பால்பற்கள் விழுந்துகொண்டிருப்பதால், அந்த வயதுக் குதிரைக்கு வாய் அடிக்கடி நோகும். இளங்குதிரைக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், வளர்ந்த குதிரைக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் பல் பார்ப்பது நல்ல வழக்கம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என்னுடைய மார்வாரிப் பெட்டை வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் தலையை எறிந்தாள். அடுத்தடுத்து மூன்று பிட் வாங்கினேன்; மூன்றாவது வெளிநாட்டுச் சரக்கு, விலையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. கடைசியில் மருத்துவர் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, மேல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஈறுக்குள் புதைந்து கிடந்த ஒரு சிறு பல்லைக் கண்டுபிடித்தார். ‘உல்ஃப் டூத்’ என்று அதைச் சொல்வார்கள்; ஆண், பெட்டை இரண்டுக்கும் வரும்; எந்தப் பயனும் இல்லாதது. அதைப் பிடுங்கி, புண் ஆறியபின், பழைய பிட்டிலேயே அவள் ஒழுங்காக நடந்தாள்.

காயம் இருந்தால் ரத்தம் வருமே, எனக்குத் தெரியாமலா போகும்?

தெரியாமல் போகும். பின்லாந்தில் பந்தயம் முடித்த 261 டிராட்டர் குதிரைகளின் (வண்டி இழுத்து ஓடும் பந்தயக் குதிரைகள்) வாயைச் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 84 விழுக்காட்டுக் குதிரைகளுக்குப் பிட் தொடும் பகுதியில் புதுக் காயம் இருந்தது. வாய்க்கு வெளியே ரத்தம் தெரிந்தவை அவற்றில் மிகச் சிலவே. அது வேகப் பந்தயக் குதிரைகளின் கணக்கு என்பதால் உங்கள் குதிரைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ரத்தம் வரவில்லை என்பதை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்பதற்கு அது போதும்.

வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். உதட்டு மூலையை விலக்கி உட்புறத்தையும், நாக்கின் ஓரங்களையும், முதலில் சொன்ன ஈறு விளிம்பையும் பார்த்துத் தடவ வேண்டும். சிவப்பு, வெண்தழும்பு, எலும்பில் சிறு புடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைவாய்ப் பற்களுக்கிடையில் மட்டும் விரலைக் கொண்டுபோக வேண்டாம். அதற்கு வாய்த்திறப்பானும் பயிற்சியும் தேவை.

அளவு எப்படி எடுப்பது? கடைக்காரர் எல்லாக் குதிரைக்கும் ஐந்து அங்குலம் என்கிறார்.

அரை அங்குலத் தடிமனுள்ள வழவழப்பான மரக்குச்சியையோ, கெட்டியான கயிற்றுத் துண்டையோ பிட் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, உதட்டின் இரு ஓரங்களிலும் அடையாளமிட்டு அளந்துகொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு பக்கத்திற்கும் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் சேர்த்தால் பிட்டின் அளவு கிடைக்கும். வார் கட்டும் வளையம் சுழலும் வகையானால் இன்னும் சற்றுக் கூடுதலாக விடலாம். மூட்டுள்ள பிட்டை நேராக நீட்டி வைத்து, வளையத்தின் உட்புறத்திலிருந்து உட்புறம்வரை அளக்க வேண்டும்.

ஐந்து அங்குலம் என்பது 127 மில்லிமீட்டர். கடைகளில் 125 என்றும் எழுதியிருப்பார்கள். அது பல குதிரைகளுக்குப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய முகமுள்ள கத்தியவாரிக்கு அது அகலமாகவும், பெரிய தரோபிரெட்டிற்குக் குறுகலாகவும் இருக்கக்கூடும். குறுகலானது உதட்டைக் கிள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். அகலமானதன் தீங்குதான் கவனத்திற்கு வருவதில்லை. அது ஒரு பக்கமாக வழுக்கி, நடு மூட்டு நாக்கின் நடுவிலிருந்து விலகி ஓரத்தில் அழுத்தும்.

தடித்த பிட்தான் மென்மையானது என்கிறார்களே?

நான் அடிக்கடி கேட்பதும், அதிகமாக மறுத்துப் பேசுவதும் இதுதான். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி: ஒரே இழுப்பு அகலமான பரப்பில் பரவும்போது ஓரிடத்தில் விழும் அழுத்தம் குறையும். ஆனால் அந்தக் கணக்கு வாயில் இடம் இருக்கும் குதிரைக்கு மட்டுமே பொருந்தும். நாக்கு தடித்து, அண்ணம் தாழ்ந்திருக்கும் வாயில் 20 மில்லிமீட்டர்த் தடிமனுள்ள பிட்டை வைத்தால், வாரை யாரும் தொடாதபோதே அது நாக்கை அழுத்திக்கொண்டிருக்கும். நம் வாயில் ஒரு கொட்டைப்பாக்கை நாள் முழுதும் அடக்கிக்கொண்டு உதட்டை மூடச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிட்டுக்கென்று குதிரையின் வாயில் இருக்கும் இடம், வெளியிலிருந்து முகத்தைப் பார்த்து நாம் ஊகிப்பதைவிடக் குறைவு.

உங்கள் குதிரைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கையாலேயே சோதிக்கலாம். பிட் இருக்கும் இடத்தில், நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக மெதுவாக நுழைத்து, குதிரை வாயை மூடும்வரை காத்திருங்கள். விரல்கள் நன்றாக நெரிபட்டால் தடித்த பிட் வேண்டாம். உதடுகள் சேர்ந்த நிலையிலேயே நாக்கு வெளியே பிதுங்குகிறதா என்பதையும் பாருங்கள். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் டிரஸாஜ் (குதிரையின் நடை, பணிவு ஆகியவற்றைப் பார்க்கும் போட்டி) விதிகள், நெம்புகோல் இல்லாத சாதாரண ‘ஸ்நாஃபிள்’ பிட்டுக்குக் குறைந்தபட்சத் தடிமனாக 14 மில்லிமீட்டரையும், மட்டக் குதிரைகளுக்கு 10 மில்லிமீட்டரையும் வைத்திருக்கின்றன. என் அனுபவத்தில் பெரும்பாலான நாட்டுக் குதிரைகள் 14க்கும் 16க்கும் இடையில் வசதியாக இருக்கின்றன. அதற்கும் மெல்லியதைப் பரபரப்பான கைக்காரரிடம் கொடுக்கக்கூடாது.

ஒரு மூட்டா, இரண்டு மூட்டா, மூட்டே இல்லாததா? எது கூச்சமுள்ள வாய்க்கு ஏற்றது?

ஒற்றை மூட்டுள்ள ஸ்நாஃபிள்தான் எங்கும் கிடைப்பது. வாரை இழுக்கும்போது அது மடிந்து, நாக்கையும் தாடையின் ஓரங்களையும் பாக்குவெட்டியைப்போல் நெரிக்கிறது என்பது அதன்மேல் வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு. மூட்டு அண்ணத்தில் குத்தும் என்பார்கள். அது வாயின் உயரத்தையும் வார் வரும் கோணத்தையும் பொறுத்தது. கால்நடை மருத்துவ ஆய்வாளர் ஹிலரி கிளேட்டன் 1980களில் எக்ஸ்ரே திரையில், குதிரையின் வாய்க்குள் பிட் நகர்வதைப் பார்த்து ஆராய்ந்தபோது, வாரை இழுத்தால் ஒற்றை மூட்டுப் பிட் நாக்குக்குள் அழுந்துவது தெரிந்தது. குதிரை தன் நாக்கைப் பின்னிழுத்தும் உயர்த்தியும் அந்த அழுத்தத்தைச் சமாளிக்கப் பார்ப்பதும் அப்போது தெரியவந்தது. இரண்டாம் கேள்வியில் சொன்ன நாக்குச் சேட்டைகளுக்கு ஒரு விளக்கம் இதிலிருந்து கிடைக்கிறது.

நடுவில் ஒரு சிறு துண்டுடன் இரண்டு மூட்டு உள்ள வகை நாக்கின் வளைவுக்கு இசைந்து கிடக்கும். வாய் கூசும் குதிரைக்கு நான் முதலில் முயலச் சொல்வது இதைத்தான், அதிலும் நடுத்துண்டு உருண்டு வழவழப்பாக, அவரைக்கொட்டைபோல் இருப்பதை. ஒரு எச்சரிக்கை: ‘பிரெஞ்சு லிங்க்’ என்பதும் ‘டாக்டர் பிரிஸ்டல்’ என்பதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முன்னதன் தகடு நாக்கின்மேல் படுத்துக் கிடக்கும்; பின்னதன் தகடு சாய்ந்து, விளிம்பால் நாக்கை அழுத்தும். வாங்கும்போது இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடும் கடைகள் உண்டு. இரு கைகளிலும் பிடித்து, தகடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

மூட்டே இல்லாமல் மெல்லிய வளைவுடன் இருக்கும் ‘முல்லன்’ வகை எதையும் நெரிப்பதில்லை, வாய்க்குள் அசைவதும் குறைவு. பிட்டின் அசைவைக் கண்டே மிரளும் குதிரை இதில் அமைதியாவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அழுத்தம் முழுவதும் நாக்கின் குறுக்கே விழுவதால், நாக்கு தடித்த குதிரைக்கு இது ஒத்துவராது. அப்படிப்பட்டதற்கு நடுவில் தாழ்வான அகன்ற வளைவு வைத்து நாக்குக்கு இடம் விட்ட வகை உதவும்; அந்த வளைவு நாக்கிலிருந்து எடுக்கும் பாரம் ஈறு விளிம்பின்மேல் போகிறது என்பதால், விளிம்பில் புண்ணோ புடைப்போ இருந்தால் அதையும் மாட்டக்கூடாது.

வளையம் சுழல்வது நல்லதா, நிலையாக இருப்பது நல்லதா?

சுழலும் வளையத்தில் பிட் குதிரையின் வாயோடு சேர்ந்து அசையும்; ஆனால் வளையம் நுழையும் துளை தேய்ந்திருந்தால் உதட்டைக் கிள்ளும். முட்டை வடிவ நிலை வளையமும், பந்தயக் குதிரைகளுக்குப் பழக்கமான ‘டி’ வளையமும் கிள்ளுவதில்லை, வாய்க்குள் பிட்டை அமைதியாகவும் வைத்திருக்கும். உதட்டு மூலையில் புண் வரும் குதிரைக்கு நிலை வளையமே என் தேர்வு.

ரப்பர் பூசியது மென்மைதானே? உலோகம் எது நல்லது?

ரப்பர் தொடுவதற்கு மென்மையானது; ஆனால் உலோகத்தைவிடத் தடிப்பானது என்பதால், தடிமன் பற்றிச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். உமிழ்நீர் குறைந்த வாயில் ரப்பர் வழுக்காமல் உராயும். குதிரை மென்று மென்று அதில் பிசிறு கிளம்பினால், அந்தப் பிசிறே அரம்போல் அறுக்கும். தினமும் விரலால் தடவிப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் வாங்குங்கள்.

துருப்பிடிக்காத எஃகு பொதுவாகப் போதுமானது. செம்பு கலந்த உலோகமும், ‘ஸ்வீட் அயர்ன்’ எனப்படும் துருப்பிடிக்கும் இரும்பும் உமிழ்நீரைத் தூண்டுவதாகக் குதிரைக்காரர்கள் சொல்வார்கள். சில குதிரைகள் அவற்றை விரும்பி மெல்லுவதை நானும் கண்டிருக்கிறேன். முலாம் பூசிய மலிவான பிட்டை மட்டும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் முலாம் உரிந்த இடம் சிப்பியின் விளிம்புபோல் இருக்கும்.

உதட்டு மூலையில் இரண்டு மடிப்பு விழும்படி மாட்டச் சொல்கிறார்கள். சரியா?

தொடக்கத்திற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே. உதடு தடித்த குதிரைக்கு இரண்டு மடிப்பு என்பது எளிதில் விழும். மெல்லிய உதடுள்ள குதிரைக்கு இரண்டு மடிப்பு வரவழைத்தால் அது எப்போதும் இளித்துக்கொண்டிருக்கும். பிட் உதட்டு மூலையை மெல்லத் தொட்டு, கோரைப்பல்லுக்கு மேலே போதிய இடம் விட்டு இருக்கிறதா என்று உதட்டை விலக்கிப் பாருங்கள். பிறகு ஒருவரைச் சவாரியில் பிடிப்பதுபோல் வாரைப் பிடிக்கச் சொல்லி மீண்டும் பாருங்கள். தளர்வாக இருக்கும்போது சரியாகத் தோன்றும் பிட், வாரை எடுத்தவுடன் இடம் மாறுவதுண்டு.

மூக்குப் பட்டையை இறுக்கினால் வாயைத் திறப்பதே இல்லை. அதுவே தீர்வு ஆகாதா?

வாய் திறக்காமல் இருப்பது கட்டியிருப்பதால். வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்லும் வழியைத்தான் அடைத்திருக்கிறீர்கள். அதோடு, பல்லைப் பற்றிச் சொல்லும்போது குறிப்பிட்ட கூர் விளிம்பின்மேல் கன்னம் நாள்தோறும் நசுங்குகிறது. மூக்கெலும்பின் நடுவில், பட்டைக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பக்கவாட்டில் நுழைவதைக் கணக்கில் கொள்ளக்கூடாது. பன்னாட்டுக் கூட்டமைப்பு 2025 முதல் போட்டிகளில் இதற்கென்றே ஓர் அளவு கருவியை வைத்துச் சோதிக்கிறது.

விற்றவர் முள் கடிவாளம்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது என்றார். என்ன செய்வது?

கழற்றிவிடுங்கள். பிட்டில் முள்ளோ குமிழோ வைத்துப் பயன்படுத்துவதை, விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் வந்த இழுவை, சுமை விலங்குகளுக்கான விதிகளின் 8ஆம் விதி தடை செய்கிறது. சவாரிக் குதிரைக்கும் அது பொருந்தும். வழக்கம் பழையது என்பது சாக்காகாது. பிட்டுக்கு நம் முன்னோர் வைத்திருந்த பெயர் ‘கறுழ்’. சங்கப் புலவர் ஒருவர் கறுழ் பட்டுச் சிவந்த போர்க்குதிரையின் வாயை, இரையின் கழுத்தைக் கவ்விய புலிக்கு ஒப்பிட்டிருக்கிறார். அந்தக் குதிரைக்கு எப்படி இருந்தது என்பதை உவமை சொல்லவில்லை.

முள் போட்ட குதிரையை உடனே வேறு பிட்டில் ஏறி ஓட்டக்கூடாது. நாக்கிலும் ஈறிலும் புண் ஆறும்வரை, அது சில வாரம் ஆனாலும், வாயில் எதுவும் வைக்காமல் கையில் பிடித்து நடக்கவிடுங்கள். பிறகு சுற்றுவேலி உள்ள இடத்தில், இரண்டு மூட்டு ஸ்நாஃபிளுடன், உடலின் பாரத்தாலும் குரலாலும் நிற்கக் கற்றுக்கொடுத்துத் தொடங்க வேண்டும். நிற்கவைப்பது பயிற்சியின் வேலை.

பெல்ஹம் போன்ற நெம்புகோல் பிட், லேசாகத் தொட்டாலே போதும் என்பதால் வாய்க்கு நல்லது இல்லையா?

கை அமைதியாக இருந்தால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு. கணக்கைப் பாருங்கள். வாய்த்துண்டுக்கு மேலே 5 சென்டிமீட்டரும் கீழே 10 சென்டிமீட்டரும் நீண்ட கம்பி உள்ள பிட்டில், கீழ் வளையத்தை ஒரு கிலோ விசையில் இழுத்தால், தாடைக்கு அடியில் ஓடும் சங்கிலியில் இரண்டு கிலோவும் வாய்க்குள் மூன்று கிலோவும் விழும். தடுக்கி விழப்போய் நீங்கள் வாரைப் பற்றும் ஒரு நொடியில் அதுவும் மும்மடங்காகவே போய்ச் சேரும். சேணத்தில் வாரின் துணையில்லாமல் உட்காரத் தெரிந்தபின் இந்தப் பேச்சை எடுக்கலாம்.

அப்படியானால் பிட்டே இல்லாமல் ஓட்டிவிடலாமே?

ஓட்டலாம், சில குதிரைகளுக்கு, குறிப்பாக ஈறு விளிம்பில் எலும்பு புடைத்தவற்றிற்கு, அதுதான் சரியான விடை. மூக்குப் பட்டையின் இரு பக்கமும் வார் கட்டும் எளிய வகையில் தொடங்குங்கள். பிட் இல்லாமல் மூக்கை அழுத்தும், நெம்புகோல் வைத்த ‘ஹேக்கமோர்’ வேறு. மேலே சொன்ன மும்மடங்குக் கணக்கின் சாயல் அதற்கும் உண்டு, அதுவும் மூக்கெலும்பு மெலிந்து முடியும் இடத்தில் மாட்டினால் கேடு அதிகம். பட்டை அதற்கு மேலே, கெட்டியான எலும்பின்மேல் இருக்க வேண்டும். பன்னாட்டு விதிகளின்படி தடைதாண்டும் போட்டியில் ஹேக்கமோருக்கு இடமுண்டு, டிரஸாஜில் இல்லை.

புதுப் பிட்டில் முதல் வாரம் பொன்னாக இருந்தது, பிறகு பழைய கதைதான். பிட் கெட்டுப்போனதா?

பிட் கெடவில்லை. புதியது பெரும்பாலும் அழுத்தத்தைப் பழைய புண்ணிலிருந்து வேறிடத்திற்கு மாற்றுகிறது; அந்த இடமும் நோகத் தொடங்கும்வரை குதிரை நிம்மதியாக இருக்கிறது. அதனால் முதல் மூன்று நாள் முன்னேற்றத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று வாரம் அதே பிட், அதே மூக்குப் பட்டை, முடிந்தால் அதே ஆள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் வாயைப் பார்த்து நாட்காட்டியில் ஒரு வரி எழுதுங்கள். விலை உயர்ந்ததை வாங்குவதற்கு முன் பக்கத்து லாயத்தில் இரவல் கேளுங்கள், கழுவிவிட்டு மாட்டுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. இடப்பக்கம் மட்டும் இன்னும் வாயைத் திறக்கிறது. இனி என்ன?

ஒரு பக்கம் மட்டும் என்றால், முதலில் அந்தப் பக்கப் பல்லை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். என் பெட்டையின் கதையை நினைவில் கொள்ளுங்கள். அதிலும் ஒன்றுமில்லையென்றால், பிட் இல்லாமல் நீள்கயிற்றில் இரு பக்கமும் சுற்ற விடுங்கள். அப்போதும் இடப்பக்கம் தலையைச் சாய்த்தால் கோளாறு காலிலோ முதுகிலோ இருக்கலாம். மருத்துவர் நொண்டலைப் பார்க்க வேண்டும்.

கயிற்றில் நேராகச் சுற்றினால், உங்களைவிட நன்றாக ஏறும் ஒருவரை அதே பிட்டில் ஏற்றிப் பாருங்கள். அவரிடம் குதிரை வாயை மூடிக்கொண்டு நடந்தால், உங்கள் இடக்கை வலக்கையைவிடக் கூடுதலாக இழுக்கிறது. யாரையாவது பின்னாலிருந்து காணொளி எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு எடுத்தபோது என் இடத்தோள் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது.